பேஜ்மேக்கருக்குள் அடைபட்ட தமிழ்

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் போன ஆண்டு என் மேசையில் ஒரு குறுந்தகட்டை வைத்தார். உறையின் மேல் நீல மையில் '2003 – முழுப் புத்தகம்' என்று எழுதியிருந்தது. தம் வட்டாரத்து வேளாண் சொற்களை ஊர் ஊராகப் போய்க் கேட்டுத் தொகுத்து, சொந்தக் காசில் அச்சிட்டவர் அவர். படிகள் தீர்ந்து பல ஆண்டாகிவிட்டது. மறுபதிப்பு போட வேண்டும் என்று வந்திருந்தார்.

"தம்பி, எல்லாம் இதுலயே இருக்கு. நாலஞ்சு எழுத்துப்பிழையை மட்டும் பாத்துட்டா அச்சுக்கு அனுப்பிடலாம்ல?"

தகட்டில் ஒரு கீறல் இல்லை. கோப்பும் இருந்தது. அதன் பெயரின் வாலில் இருந்த பி65, அது பேஜ்மேக்கர் 6.5 என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில் செய்தது என்று சொன்னது. அதே வேலைக்கு இன்று பயன்படும் அடோப் நிறுவனத்தின் இன்டிசைன் அதைத் திறக்க மறுத்தது. வேறு வழியில் உரையை மட்டும் வெளியே எடுத்துப் பார்த்தேன். 'தமிழ்' என்று இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கிலச் சிற்றெழுத்தில் ஜே, கே, பி, ஓ என்று நான்கு எழுத்தும், பின்னால் ஓர் அரைப்புள்ளியும் நின்றன.

"ஐயா, புத்தகம் பத்திரமா இருக்குங்க. ஆனா இது தமிழ்னு கம்ப்யூட்டருக்குத் தெரியாதுங்க."

அவருக்கு அது புரியவில்லை. திரையில் தமிழாகப் பார்த்து, தமிழில் மெய்ப்புத் திருத்தி, தமிழாகவே அச்சான புத்தகம் எப்படித் தமிழ் இல்லாமல் போகும் என்று கேட்டார். நியாயமான கேள்வி. அன்று நான் அவசரத்தில் சொன்ன பதில் போதாது. தொண்ணூறுகளிலும் அதற்கடுத்த பத்தாண்டிலும் கணினியில் கோத்த எத்தனையோ தமிழ்ப் புத்தகங்கள் இதே நிலையில்தான் தகடுகளிலும் பழைய ஹார்டு டிஸ்க்குகளிலும் கிடக்கின்றன. அவற்றை வெளியே எடுக்கும் வழிகளில் ஒன்றிரண்டை ஒவ்வொரு மென்பொருள் அப்டேட்டும் அடைத்துக்கொண்டே வருகிறது. அதனால் அந்தக் கேள்விக்கு இங்கே முழுதாகவே பதில் எழுதுகிறேன்.

ஆல்டஸ் நிறுவனம் 1985-இல் மெக்கின்டாஷ் கணினிக்காகப் பேஜ்மேக்கரை வெளியிட்டது. அந்த நிறுவனத்தைத் தொடங்கிய பால் பிரெய்னர்டு இந்த வேலைமுறைக்கு வைத்த பெயர்தான் 'டெஸ்க்டாப் பப்ளிஷிங்'. நம் ஊரில் அது டி.டி.பி. என்று சுருங்கி, தெருமுனைக் கடைகளின் பலகையில் ஏறியது. 1994-இல் ஆல்டஸை அடோப் வாங்கியது. 1999-இல் இன்டிசைன் வந்தது. 2001-இல் வந்த 7.0 தான் பேஜ்மேக்கரின் கடைசிப் பெரிய பதிப்பு. 2004-இல் அதன் மேம்பாட்டையே அடோப் நிறுத்திக்கொண்டது. ஆனால் நம் டி.டி.பி. கடைகளில் அது நிற்கவில்லை. அதற்குக் காரணம் சோம்பலோ பிடிவாதமோ என்று பேசுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது சரியான தீர்ப்பு இல்லை. காரணம் எழுத்துருவில் இருந்தது.

பேஜ்மேக்கருக்குத் தமிழ் என்று ஒரு மொழி இருப்பதே தெரியாது. அதனால் நம்மவர்கள் ஒரு வழி கண்டார்கள். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து எழுத்துரு செய்தார்கள். விசைப்பலகையில் ஜே-யை அழுத்தினால் கணினி ஜே என்றுதான் எழுதிவைக்கும். எழுத்துரு மட்டும் அந்த இடத்தில் 'த' என்று படம் காட்டும். ஈழத்திலும் தமிழ்நாட்டிலும் பரவலாகப் புழங்கிய பாமினி இப்படிப்பட்டதுதான். அதன் விசை வரிசை பழைய தமிழ்த் தட்டச்சுப் பொறியை ஒட்டியது. இடது கைக்கு ய, ள, ன, க, ப. வலது கைக்குத் துணைக்கால், த, ம, ட. தட்டச்சுத் தேர்வு எழுதி லோயர், ஹையர் பாஸ் செய்துவிட்டு வந்த பெண்கள் புதிதாக எதையும் கற்காமல் கணினியில் அமர்ந்து மணிக்கணக்கில் அடித்துத் தள்ள முடிந்தது. தமிழ்ப் பதிப்புலகம் ஈய எழுத்திலிருந்து கணினிக்கு மாறியதில் அந்தக் கைகளின் உழைப்புக்குப் பெரிய பங்குண்டு.

சிக்கல் என்னவென்றால், ஒவ்வொரு நிறுவனமும் தன் போக்கில் எழுத்துகளை வேறு வேறு இடத்தில் வைத்தது. ஒரு கடையில் அடித்த கோப்பு இன்னொரு கடையில் குப்பையாகத் தெரிந்தது. இதை ஒழுங்குபடுத்த 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு கூடியது. அதையொட்டித் தமிழ்நாடு அரசு டாம், டாப் என்ற இரண்டு குறியேற்றங்களையும் (எந்த இடத்தில் எந்த எழுத்து என்ற அட்டவணைகளையும்) தமிழ்99 விசைப்பலகையையும் தரமாக ஏற்றது. இணையத்தில் கூடிய ஆர்வலர்கள் டிஸ்கி என்ற வேறொரு குறியேற்றத்தை உருவாக்கியிருந்தார்கள். எல்லாமே நல்லெண்ணத்தில் செய்தவை. ஆனாலும் எல்லாவற்றிலும் அடிப்படை ஏற்பாடு ஒன்றுதான்: எழுத்துருவைப் பிடுங்கிவிட்டால் தமிழும் போய்விடும்.

யூனிகோடு இதற்கு நேர்மாறு. அதில் 'க' என்பதற்கு உலகில் வேறு எந்த எழுத்துக்கும் கொடுக்காத ஓர் எண் உண்டு. எழுத்துரு மாறினாலும் எண் மாறாது. 1991-இல் வந்த முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது. ஒதுக்கிய 128 இடங்களில் இன்று 72 நிரம்பியிருக்கின்றன. சரி, 1991-லேயே இருந்த ஒன்றுக்கு 2003-இல் ஏன் மாறவில்லை? இதைப் புரிந்துகொள்ள 'கெ' என்ற ஒரே எழுத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும்.

தட்டச்சில் முதலில் ஒற்றைக்கொம்பை அடிப்போம், பிறகு 'க'. கண்ணுக்குத் தெரியும் வரிசையும் அதுதான். யூனிகோடு ஒலியின் வரிசையில் போகிறது. முதலில் 'க', அதன்பின் எகரக் குறி. அப்படியானால் திரையில் காட்டும்போது யாரோ அந்தக் கொம்பைத் தூக்கி 'க'-வுக்கு இடப்பக்கம் வைக்க வேண்டும். 'கொ' என்றால் இன்னும் வேலை அதிகம். ஒரே குறியை இரண்டாகப் பிளந்து கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் வைக்க வேண்டும். இதைச் செய்யும் பகுதிக்கு ஷேப்பிங் எஞ்சின் என்று பெயர். விண்டோஸ் 2000-இல்தான் மைக்ரோசாஃப்ட் இதைத் தமிழுக்குச் செய்து, லதா எழுத்துருவையும் கூடவே கொடுத்தது. ஆனால் அடோப் மென்பொருள்கள் விண்டோஸின் அந்த வசதியைப் பயன்படுத்துவதில்லை; எழுத்துக் கோக்கும் வேலையைத் தாமே செய்துகொள்பவை. அவற்றில் யூனிகோடு தமிழை ஒட்டினால் கொம்பு எல்லாம் வலப்பக்கம் நிற்கும், கால் தனியே கிடக்கும். இன்டிசைனில் இந்திய மொழிகளுக்கு முறையான ஆதரவு வந்தது 2012-இல், சி.எஸ்.6 பதிப்பில்.

1991-க்கும் 2012-க்கும் இடையே 21 ஆண்டு. அந்த 21 ஆண்டும் புத்தகம் போட வேண்டியிருந்தது, போட்டார்கள். பழைய எழுத்துருவில் தங்கியவர்களைக் குறை சொல்வதற்கு முன் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

அடைபட்ட வழிகள்

சி.எஸ்.6 இன்னொரு வகையிலும் முக்கியமான பதிப்பு. பேஜ்மேக்கர் 6.0 முதல் 7 வரையிலான கோப்புகளைத் திறக்கத் தெரிந்த கடைசி இன்டிசைன் அதுதான். தமிழை ஒழுங்காகக் கோக்கத் தெரிந்த முதல் பதிப்பும், பழைய கோப்பைத் திறக்கத் தெரிந்த கடைசிப் பதிப்பும் ஒன்றாகவே அமைந்தது. 2013-இல் அடோப் சந்தா முறைக்கு மாறியது. ஒரு முறை பணம் கட்டி வாங்கி வைத்துக்கொள்ளும் பெட்டி மென்பொருளின் காலம் அதோடு முடிந்தது. அதற்குப் பின் வந்த இன்டிசைன் எதிலும் பேஜ்மேக்கர் கோப்பு திறக்காது. உங்கள் அலுவலகத்தில் யாரிடமாவது உரிமத்தோடு சி.எஸ்.6 இருக்கும் பழைய கணினி இருந்தால், அதைக் காயலான் கடைக்குப் போடும் முன் தயவுசெய்து ஒரு முறை யோசியுங்கள்.

இரண்டாவது, எழுத்துரு வடிவம். டைப் 1 எனப்படும் போஸ்ட்ஸ்கிரிப்ட் எழுத்துருக்கள் 1984-இலிருந்து வருபவை. 2023 ஜனவரியோடு அடோப் மென்பொருள்களில் அவற்றுக்கான ஆதரவு முடிந்தது. ஃபோட்டோஷாப் அதற்கு முன்பே கைவிட்டிருந்தது. உங்கள் பழைய தமிழ் எழுத்துரு டைப் 1 வகையாக இருந்தால், புதிய பதிப்பில் கோப்பு திறந்தாலும் 'எழுத்துரு இல்லை' என்று இளஞ்சிவப்புப் பட்டை விழும். ட்ரூடைப் வகையாக இருந்தால் தப்பித்தீர்கள். ஒன்று ஆறுதல்: எழுத்துருவை உள்ளே பொதித்து எடுத்த பழைய பி.டி.எஃப். கோப்புகள் இதனால் பாதிக்கப்படாது. அவை அச்சுக்குப் போகும், ஆனால் திருத்த முடியாது.

மூன்றாவது, கணினியே. 2014 ஏப்ரலில் விண்டோஸ் எக்ஸ்.பி.க்கும், 2025 அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10-க்கும் மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தியது. பழைய இந்திய மொழி மென்பொருள்களில் சில, கணினியின் பின்னால் செருகும் டாங்கிள் என்ற உரிமச் சொருகி இருந்தால்தான் ஓடும். அந்தச் சொருகிக்கான துளை இன்றைய கணினிகளில் இல்லை.

இவ்வளவு இருந்தும் ஒரு நல்ல வழி திறந்தே இருக்கிறது. அது இலவசம் என்பது கூடுதல் மகிழ்ச்சி. லிபர்ஆஃபீஸ் என்ற அலுவலக மென்பொருள் 2015 தொடக்கத்தில் வந்த 4.4 பதிப்பிலிருந்து பேஜ்மேக்கர் கோப்புகளைத் தன் டிரா செயலியில் திறக்கிறது. பக்க அமைப்பு அங்கங்கே நகர்ந்திருக்கலாம். படங்கள் எல்லாம் வரும் என்று நம்பாதீர்கள். நமக்கு வேண்டியது உரை. அது பெட்டி பெட்டியாக வந்துவிடும். ஆசிரியரின் தகட்டை நான் இப்படித்தான் திறந்தேன்.

மாற்றும்போது நடக்கும் விபத்துகள்

வெளியே எடுத்த உரையை யூனிகோடாக மாற்றக் கருவிகளுக்குப் பஞ்சமில்லை. என்.எச்.எம். கன்வெர்ட்டர் இருக்கிறது, அழகி இருக்கிறது, தமிழ் இணையக் கல்விக்கழகம் தரும் மாற்றி இருக்கிறது. பாமினியைக் கொடுத்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் யூனிகோடு கொடுத்துவிடும். அந்த வேகத்தைப் பார்த்து ஏமாந்து, நேரே லே-அவுட்டில் ஊற்றிவிடுகிறவர்களுக்காகத்தான் இந்தப் பகுதியைக் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன். பிழை எங்கே ஒளிந்திருக்கும் என்று தெரிந்தவர்களுக்கு இது இரண்டு நாள் வேலை. தெரியாவிட்டால் பிழையோடு புத்தகம் வெளிவரும்.

முதலில் 'கௌ'. தட்டச்சுப் பொறியில் ஔகாரக் குறிக்குத் தனி விசை தேவைப்படவில்லை. கொம்பு, க, பின்னால் 'ள'. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். மாற்றும் கருவிக்கு இது தெரியாது. அது 'கெ' என்றும் 'ள' என்றும் இரண்டு எழுத்தாக எழுதிவிடும். 'கௌரவம்' என்று தேடினால் கிடைக்காது, ஏனென்றால் உள்ளே இருப்பது 'கெ-ள-ர-வ-ம்'. ஔவையார் பல கோப்புகளில் 'ஒ'-வும் 'ள'-வுமாகப் பிளந்துதான் கிடக்கிறார். அச்சில் எந்த வித்தியாசமும் தெரியாது என்பதால் மெய்ப்புப் பார்ப்பவர் எத்தனை கூர்மையானவராக இருந்தாலும் பிடிக்க முடியாது. தேடிப் பிடித்து மாற்றத்தான் வேண்டும். ஆனால் எல்லாவற்றையும் ஒரே அடியாக 'ரீபிளேஸ் ஆல்' போடக் கூடாது. 'தெளிவு', 'வெளி', 'பெளர்ணமி' மூன்றிலும் ஒரே வடிவம் வரும், மூன்றாவது மட்டுமே பிழை.

அடுத்து 'ர்'. துணைக்காலின் மேல் புள்ளி வைத்து அதையே 'ர்' ஆக்கும் பழக்கம் தட்டச்சிலிருந்து வந்தது. மாற்றிய உரையில் 'அவர்' என்பது 'அவ' என்ற இரண்டு எழுத்தும், காலும், காலின் மேல் ஒரு புள்ளியுமாக நிற்கும். செய்தித் தளங்களில்கூட இன்றும் இதைப் பார்க்கலாம். தேடுபொறிக்கு அது வேறு சொல்.

மூன்றாவது விபத்து வேர்டு மென்பொருளால் வருவது. வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்கும் ஆட்டோகரெக்ட் அதில் உண்டு. பாமினியில் சிறிய ஜே என்றால் 'த', பெரிய ஜே என்றால் 'து'. ஆகவே வாக்கியத்தின் தொடக்கத்தில் வரும் 'தமிழ்' தானாகத் 'துமிழ்' ஆகிவிடும். 'மனிதன்' 'முனிதன்' ஆவான். இவையாவது கண்ணில் படும். 'கடல்' என்று தொடங்கும் வாக்கியம் 'குடல்' என்று தொடங்கும்போது எந்தப் பிழைதிருத்தியும் பிடிக்காது, ஏனென்றால் குடலும் நல்ல தமிழ்ச் சொல்தான். உரையை வேர்டில் ஒட்டும் முன் ஆட்டோகரெக்ட்டை அணைத்துவிடுங்கள். 2003-இல் தட்டச்சு செய்தவரின் கணினியில் அது ஏற்கெனவே நடந்திருந்தால், ஒவ்வொரு பத்தியின் முதல் சொல்லையும் கண்ணால் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

நான்காவது, நடுவில் வரும் ஆங்கிலம். பழைய கோப்பில் ஆங்கிலச் சொல் என்பது எழுத்துருவை மாற்றி அடித்த சொல், அவ்வளவுதான். வெறும் உரையாக எடுத்தவுடன் அந்த எழுத்துருத் தகவல் போய்விடும். பிறகு மாற்றும் கருவியிடம் கொடுத்தால் ஆங்கிலப் பெயர்கள் எல்லாம் பொருளற்ற தமிழ் எழுத்துக் கூட்டமாகும். அதனால் எழுத்துருத் தகவலோடு ஆர்.டி.எஃப். கோப்பாக எடுப்பது நல்லது. 'ஃபைண்ட்' பெட்டியில் எழுத்துருவின் பெயரையே தேடும் வசதி வேர்டிலும் லிபர்ஆஃபீஸிலும் உண்டு. ஆங்கில எழுத்துருவில் உள்ளவற்றை முதலில் கண்டுபிடித்து, அவற்றின் இருபுறமும் உரையில் வேறெங்கும் வராத ஒரு குறியை வைத்துவிட்டு, பிறகு மாற்றுங்கள்.

கடைசியாக, வெட்டுகள். நீண்ட தமிழ்ச் சொல் வரியின் ஓரத்தில் இடிக்கும்போது அந்தக் காலத்து டி.டி.பி. அக்கா ஸ்பேஸ் பாரைத் தட்டிச் சொல்லைக் கையால் உடைத்திருப்பார். அந்தப் பக்க அளவுக்கு அது சரி. புதிய பக்க அளவில் அதே சொல் வரியின் நடுவே வந்து, 'வேலைக்கா ரர்கள்' என்று இடைவெளியோடு நிற்கும். தமிழ்ப் பிழைதிருத்தியை ஓடவிட்டால் இவற்றில் பெரும்பகுதி சிவப்புக் கோட்டோடு எழுந்து நிற்கும்.

புதிய கருவியில் தமிழைக் கோக்கும்போது

உரை யூனிகோடு ஆகிவிட்டால் பாதி வேலை முடிந்தது. இன்டிசைனில் ஒட்டியதும் கொம்பும் காலும் சிதறினால் பயப்பட வேண்டாம். பாராகிராஃப் பேனலின் மூலையில் உள்ள மெனுவைத் திறந்து 'அடோப் வேர்ல்டு-ரெடி பாராகிராஃப் கம்போசர்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் எழுத்துகள் அதனதன் இடத்தில் போய் அமரும். இதை ஒவ்வொரு பத்தியிலும் செய்துகொண்டிருக்காமல், பாராகிராஃப் ஸ்டைலின் ஜஸ்டிஃபிகேஷன் பகுதியிலேயே வைத்துவிடுங்கள். இல்லஸ்ட்ரேட்டரில் முதலில் பிரிஃபரன்சஸ், டைப் பகுதியில் இண்டிக் விருப்பங்களைக் காட்டச் சொல்ல வேண்டும். பிறகு அங்கும் அதே கம்போசர். பழைய ஃபோட்டோஷாப்பில் பிரிஃபரன்சஸ், டைப் பகுதிக்குப் போய் டெக்ஸ்ட் எஞ்சினை வேர்ல்டு-ரெடி என்று மாற்றிவிட்டுப் புதிய கோப்பு தொடங்க வேண்டும். ஏற்கெனவே திறந்திருக்கும் கோப்பில் பலன் தெரியாமல் குழம்பியவர்கள் பலர்.

சந்தா கட்ட முடியாதவர்களுக்கும் இன்று கதவு திறந்திருக்கிறது. இதற்கு நாம் நன்றி சொல்ல வேண்டியது ஹார்ஃப்பஸ் என்ற ஒரு சிறிய நிரல்தொகுதிக்கு. பெஹ்தாத் எஸ்ஃபஹ்போத் என்ற ஈரானிய வம்சாவளி நிரலாளர் முன்னின்று வளர்த்தது. பாரசீகத்தில் அந்தப் பெயருக்குத் 'திறந்த எழுத்து' என்று பொருள். ஃபயர்ஃபாக்ஸ், குரோம், லிபர்ஆஃபீஸ், இங்க்ஸ்கேப், கிம்ப் எல்லாவற்றிலும் நம் கொம்பைத் தூக்கி முன்னால் வைப்பது இதுதான். ஸ்கிரைபஸ் என்ற இலவசப் பக்க வடிவமைப்பு மென்பொருளில் நெடுங்காலம் தமிழ் உடைந்தே தெரிந்தது. ஓமன் நாட்டு நிரலாளர்கள் அரபு எழுத்துக்காக ஹார்ஃப்பஸை அதில் இணைக்கப் பாடுபட்டார்கள். அந்த உழைப்பில் தமிழும் சேர்ந்து பிழைத்துக்கொண்டது. 2024 ஜனவரி 1-இல் வந்த 1.6.0 நிலையான பதிப்பு. அச்சகத்துக்கு வேண்டிய சி.எம்.ஒய்.கே. நிறமும் அதில் உண்டு. அட்டைப்படம் செய்கிறவர்களுக்கு 2025 மார்ச்சில் வந்த கிம்ப் 3.0 பெரிய முன்னேற்றம். எழுத்துக்கு நிழலோ வேறு விளைவோ கொடுத்த பிறகும் எழுத்தைத் திருத்த முடிகிறது.

அஃபினிட்டி என்ற வடிவமைப்பு மென்பொருளைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். அதை உருவாக்கிய செரிஃப் நிறுவனத்தைக் கான்வா 2024-இல் வாங்கியது. 2025 அக்டோபரில் அஃபினிட்டி இலவசமாக வந்தது. நேர்த்தியான கருவிதான். ஆனால் இரண்டாம் பதிப்பு வரை இந்திய எழுத்துகளைக் கோக்கும் வசதி அதில் இல்லை. எந்தப் புதிய மென்பொருளானாலும், எந்த அப்டேட்டானாலும் நான் முதலில் ஒரு சோதனை வரியை ஒட்டிப் பார்ப்பேன்: கெ கே கை கொ கோ கௌ, து தூ ஞூ, க்ஷ, ஸ்ரீ, ஔ. இந்த ஒரு வரி சரியாக நின்றால் மற்றவற்றை நம்பலாம். இதில் ஸ்ரீ கொஞ்சம் தனிக் கவனம் கேட்கும். 2005-இல் யூனிகோடு 4.1 தமிழுக்கு 'ஶ' என்ற எழுத்தைச் சேர்த்தது. அன்றிலிருந்து ஸ்ரீ-யை ஸகரத்தோடும் எழுதலாம், இந்த ஶகரத்தோடும் எழுதலாம். பார்வைக்கு ஒன்று, உள்ளே இரண்டு. ஒரு புத்தகத்துக்குள் இரண்டும் கலந்தால் பெயரடைவில் ஒரே ஆள் இரண்டு இடத்தில் வருவார்.

எழுத்துருவுக்கும் தவிப்பு இல்லை. நோட்டோ தமிழ், முக்த மலர், கேட்டமரன், மீரா இனிமை, ஹிந்த் மதுரை, பாலூ தம்பி என்று திறந்த உரிமத்தில் கிடைப்பவையே ஒரு பதிப்பகத்துக்குப் போதும். சுவரொட்டிக்கான அலங்கார எழுத்துகளில்தான் இன்னும் குறை. திருமண அழைப்பிதழும் திருவிழா பேனரும் செய்யும் தம்பிகள் பழைய எழுத்துருவை விடாததற்கு அது ஒரு நேர்மையான காரணம். அவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: படத்துக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள், பக்கம் பக்கமான உரைக்கு வேண்டாம்.

அப்டேட் பற்றி ஒரு பழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு புத்தகம் நடுவில் இருக்கும்போது இன்டிசைன் பதிப்பை மாற்றாதீர்கள். புதிய பதிப்பில் சேமித்த கோப்பைப் பழையது திறக்காது. வரி உடைப்பும் மாறி, ஒரே தாளில் 16 பக்கமாக அச்சாகும் ஃபாரக் கணக்கு இடிக்கலாம். புத்தகம் அச்சுக்குப் போன அன்று மூன்று கோப்பு எடுத்து வையுங்கள்: அச்சுக்குக் கொடுத்த பி.டி.எஃப்., பழைய பதிப்புகளும் திறக்கக்கூடிய ஐ.டி.எம்.எல்., பிறகு எந்த அலங்காரமும் இல்லாத வெறும் யூனிகோடு உரைக்கோப்பு. மூன்றில் உருவத்தில் சிறியது கடைசிக் கோப்பு. எனக்கு அதுதான் முக்கியம். பி.டி.எஃப்.-இலிருந்து தமிழை நகலெடுத்துப் பாருங்கள். யூனிகோடில் செய்ததுகூடச் சில நேரம் எழுத்து வரிசை குலைந்து வரும்.

கணினிப் புத்தகம் வாங்குகிறவர்களுக்கு

தமிழ்நாட்டில் 2019-இல் வந்த 12-ஆம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் பாடநூலில் அடோப் பேஜ்மேக்கருக்கு ஒரு தனிப் பாடம் உண்டு. உருவாக்கிய நிறுவனமே கைவிட்டு 15 ஆண்டு ஆன மென்பொருள். அந்தப் பாடத்தை நடத்தும் ஆசிரியர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள்: மெனுக்களின் பெயரை மனப்பாடம் செய்யச் சொல்லும் நேரத்தைக் குறைத்து, மாஸ்டர் பேஜ் ஏன் வேண்டும், ஓர விளிம்பு எதற்கு, ஒரு கட்டம் நிரம்பினால் உரை அடுத்ததற்கு எப்படி ஓடுகிறது என்பதை விளக்குங்கள். அவை இன்டிசைனிலும் ஸ்கிரைபஸிலும் அப்படியே இருக்கின்றன. பிள்ளைகள் லிபர்ஆஃபீஸிலேயே செய்து பார்க்கலாம்.

கடைத்தெருவில் புத்தகம் வாங்கும்போதும் இதே அளவுகோல்தான். கணினித் திரையின் படங்களை வரிசையாக அடுக்கி 'இதை அழுத்து, அதை அழுத்து' என்று போகும் புத்தகம் அடுத்த அப்டேட் வரைக்கும்தான். அச்சுப் படத்துக்கு ஏன் 300 டி.பி.ஐ. கேட்கிறார்கள், திரையின் ஆர்.ஜி.பி. நீலம் அச்சில் ஏன் மங்குகிறது, பக்க ஓரத்தில் ஏன் 3 மி.மீ. பிளீட் (வெட்டில் போகும் உபரி) விட வேண்டும் என்று சொல்லித்தரும் புத்தகம் எந்தப் பதிப்பு வந்தாலும் உதவும். தமிழில் கட்டற்ற மென்பொருள்களைப் பற்றி எழுதிவரும் கணியம் 2012-இலிருந்து இயங்குகிறது. அதன் மின்னூல்களை யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், திருத்தி வெளியிடவும் உரிமை உண்டு. பிழை கண்டால் திருத்த முடிகிற புத்தகத்துக்கு வயதாவது மெதுவாகத்தான்.

ஆசிரியரின் புத்தகத்துக்கு வருகிறேன். மாற்றி, பிழை நீக்கி, படி எடுத்துக் கொடுத்தேன். மூன்று வாரம் வைத்து மெய்ப்புப் பார்த்தார். திரும்பி வந்தபோது கையில் ஒரு நோட்டும் இருந்தது. முதல் பதிப்புக்குப் பிறகு சேர்த்த சொற்கள், 200-க்கு மேல். "அகர வரிசையில சேக்கணும் தம்பி. போன தடவை இதுக்கே ரெண்டு மாசம் ஆச்சு. கார்டுல எழுதி, அடுக்கி, அப்புறம் அடிச்சாங்க."

பழைய கோப்பில் கணினி வரிசைப்படுத்தியிருந்தால் ஜே-க்குப் பின் கே என்ற ஆங்கில வரிசையில்தான் வந்திருக்கும். யூனிகோடிலும் வெறும் எண் வரிசையை நம்ப முடியாது. அதில் 'ர'-வுக்கு அடுத்து 'ற' நிற்கிறது. 'ல'-வும் 'வ'-வும் அதற்குப் பின்னால்தான். லிபர்ஆஃபீஸின் கால்க்கில் சொற்களை எல்லாம் ஒரே நெடுவரிசையில் போட்டு, வரிசைப்படுத்தும் பெட்டியில் மொழியைத் தமிழ் என்று கொடுத்தேன். பழையவையும் புதியவையும் ஒரு நொடியில் கலந்து இடம் பிடித்தன. ஐயா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வகர வரிசைக்குப் போகச் சொன்னார். வரப்பு, வல்லாரை, அதற்கும் கீழே வறட்டி. விரலால் திரையைத் தொட்டுத் தொட்டு ஒவ்வொன்றாகப் படித்தார்.

"வீட்ல இன்னும் ஒரு நோட்டு இருக்கு தம்பி. எடுத்துட்டு வரட்டுமா?"